ஒரு தடவைக்கு எத்தனை பெட்டி எடுக்கலாம்? கடைக்காரருக்கு ஒரு கிராஃப் சொல்லும் பதில்

மளிகைக் கடை நடத்துபவர்களிடம் 'ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு எடுப்பீங்க?' என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். 'வண்டி வாடகை கொடுத்துப் போறோம், மொத்தமா அள்ளிப் போட்டுட்டு வந்துடணும்' என்பது ஒன்று. 'கையில இருக்கிற காசுக்கு எவ்வளவு வருதோ, அவ்வளவுதான்' என்பது இன்னொன்று.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இரண்டிலும் பணம் கசியவும் செய்கிறது. எங்கே கசிகிறது, எவ்வளவு கசிகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. பள்ளியில் பத்து மதிப்பெண்ணுக்காக வரைந்தோமே, அந்த கிராஃப் தாளே போதும். எப்படி என்று பார்ப்போம்.

இரண்டு செலவு, எதிரெதிர் திசை

சமையல் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஒரு கடையில் மாதம் 100 பெட்டி, வருடத்துக்கு 1,200 பெட்டி விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குப் பத்து பாக்கெட். பெட்டியின் கொள்முதல் விலை 1,400 ரூபாய். (இந்தக் கட்டுரையில் வரும் கடைக் கணக்கெல்லாம் புரிவதற்காகப் போட்ட எடுத்துக்காட்டு. உங்கள் கடைக்கு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும்.)

மொத்த விலைக் கடைக்கு ஒவ்வொரு முறை போய்வரவும் செலவு உண்டு. மினி லாரி வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். 40 பெட்டி எடுத்தாலும் 400 பெட்டி எடுத்தாலும் இந்தத் தொகை ஏறத்தாழ மாறாது. அதனால் ஒரு தடவைக்கு அதிகமாக எடுத்தால், வருடத்தில் போகிற நடை குறையும். இந்தச் செலவும் குறையும்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாதது. குடோனில் அடுக்கி வைத்த ஒவ்வொரு பெட்டியும் முடங்கிக் கிடக்கும் பணம். நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்றால், 1,400 ரூபாய்க்கு மாதம் 21 ரூபாய், வருடத்துக்கு 252 ரூபாய். எலி கடித்தது, பாக்கெட் ஒழுகியது, குடோனில் அடைத்த இடம் ஆகியவற்றுக்கு 48 ரூபாய் சேர்த்தால், ஒரு பெட்டியை ஒரு வருடம் வைத்திருக்கும் செலவு 300 ரூபாய். ஒரு தடவைக்கு அதிகமாக எடுத்தால் இந்தச் செலவு ஏறும்.

லாரி வாடகைக்கு ரசீது வரும். வட்டிக்கும் எலிக்கும் பில் வராது. 'மொத்தமா எடுத்தா லாபம்' என்ற எண்ணம் நம் மனதில் அவ்வளவு அழுத்தமாக உட்கார்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கைப் போடுவோம்

120 பெட்டி வாங்கினால், முதல் நாள் குடோனில் 120 இருக்கும், கடைசி நாள் ஒன்றும் இருக்காது. சராசரியாக 60 பெட்டி இருப்பு. ஆகவே வைத்திருக்கும் செலவு, வாங்கும் அளவில் பாதியை 300-ஆல் பெருக்கினால் வரும். போய்வரும் செலவு, 1,200-ஐ வாங்கும் அளவால் வகுத்து, 1,800-ஆல் பெருக்கினால் வரும்.

ஒரு தடவைக்கு வாங்கும் பெட்டி – வருடத்தில் போய்வரும் செலவு + வைத்திருக்கும் செலவு = மொத்தம் (ரூபாயில்):

40 பெட்டி – 54,000 + 6,000 = 60,000
60 பெட்டி – 36,000 + 9,000 = 45,000
80 பெட்டி – 27,000 + 12,000 = 39,000
100 பெட்டி – 21,600 + 15,000 = 36,600
120 பெட்டி – 18,000 + 18,000 = 36,000
150 பெட்டி – 14,400 + 22,500 = 36,900
200 பெட்டி – 10,800 + 30,000 = 40,800
240 பெட்டி – 9,000 + 36,000 = 45,000
300 பெட்டி – 7,200 + 45,000 = 52,200
400 பெட்டி – 5,400 + 60,000 = 65,400

கணிதத்தில் இதைத்தான் 'சார்பு' என்கிறோம். ஓர் எண்ணை உள்ளே கொடுத்தால், அதற்கென்று ஒரே ஒரு எண் வெளியே வரும். பெட்டி எண்ணிக்கையைக் கொடுத்தோம், செலவு வந்தது.

கிராஃப் என்ன காட்டுகிறது?

கிடைமட்ட அச்சில் பெட்டி எண்ணிக்கை, செங்குத்து அச்சில் ரூபாய். மேலே உள்ள புள்ளிகளைக் குறித்துக் கோட்டால் இணையுங்கள்.

வைத்திருக்கும் செலவு நேர்கோடாக மேலே ஏறும். போய்வரும் செலவு முதலில் மலைச்சரிவு மாதிரி செங்குத்தாக இறங்கி, போகப் போகப் படுத்துவிடும். இரண்டையும் கூட்டினால் கிடைக்கும் மொத்தச் செலவின் கோடு, ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சாய்வாகவும் உள்ள கிண்ணம்போல் இருக்கும். கிண்ணத்தின் அடி 120-இல் இருக்கிறது. அங்கேதான் மற்ற இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன; இரண்டு செலவும் சமமாக 18,000.

ஏன் அங்கே? 60-இலிருந்து 61 பெட்டிக்குப் போனால் போய்வரும் செலவில் சுமார் 590 ரூபாய் மிச்சம். வைத்திருக்கும் செலவில் 150 ரூபாய் கூடுதல். லாபம்தான், இன்னும் ஏறலாம். 240-இலிருந்து 241-க்குப் போனால் மிச்சம் 37 ரூபாய், கூடுதல் அதே 150 ரூபாய். நஷ்டம், இறங்க வேண்டும். 120-இல் மிச்சம் 149, கூடுதல் 150. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். 'மீச்சிறு புள்ளியில் வளைகோட்டின் சாய்வு பூஜ்ஜியம்' என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

ஓர் எச்சரிக்கை: இரண்டு கோடுகள் வெட்டும் இடமே எப்போதும் குறைந்த செலவு என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். இந்த வகைக் கணக்கில் அப்படி அமைகிறது. வேறு வகைச் செலவுகளில் மொத்தக் கோட்டின் அடியைத்தான் தேட வேண்டும்.

1913-இல் ஒரு பொறியாளர்

இந்தக் கணக்கை முதலில் அச்சில் கொண்டுவந்தவர் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ். அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். உயர்நிலைப் பள்ளிக்கு மேல் முறையான படிப்பு கிடையாது. 1913 பிப்ரவரியில் 'ஃபாக்டரி' என்ற நிர்வாக இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு தடவைக்கு எத்தனை உதிரிபாகம் செய்வது என்பதே கேள்வி. இயந்திரத்தைத் தயார்செய்யும் செலவு ஒரு பக்கம், செய்த பொருளை அடுக்கி வைக்கும் செலவு மறுபக்கம். அதற்கு அவர் சூத்திரத்தோடு வளைகோடுகளையும் வரைந்து காட்டினார்.

1934-இல் ஆர்.எச். வில்சன் என்பவர் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ'வில் எழுதிய பிறகு இது பரவியது. பலரும் 'வில்சன் சூத்திரம்' என்றே அழைத்தார்கள். ஹாரிஸின் மூலக் கட்டுரை எங்கே வந்தது என்பதே நீண்ட காலம் மறந்துபோயிருந்தது. கலிபோர்னியா பேராசிரியர் டொனால்ட் எர்லென்கோட்டர் அதைத் தேடிப் பிடித்து, 1990-இல் அவரது வரலாற்றை எழுதினார். நம் மேல்நிலை வணிகக் கணிதப் பாடத்தில் 'மிகு ஆதாயக் கோருதல் அளவு' என்று வருவது இந்த ஹாரிஸின் கணக்குத்தான்.

சூத்திரம் எளிது. வருட விற்பனை × ஒரு நடைச் செலவு × 2. அதை ஒரு பெட்டியின் வருடாந்தர வைப்புச் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நம் கடைக்கு 1,200 × 1,800 × 2 ÷ 300 = 14,400. அதன் வர்க்கமூலம் 120.

விடை சூத்திரத்திலேயே வந்துவிட்டதே, பிறகு கிராஃப் எதற்கு? சூத்திரம் '120' என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். அதற்கு மேல் கடைக்காரருக்குத் தெரிய வேண்டியவற்றை கிராஃப்தான் காட்டும்.

கிண்ணத்தின் அடி தட்டை

120-க்குப் பதில் 100 எடுத்தால் வருடத்துக்குக் கூடுதல் செலவு 600 ரூபாய்தான். 150 எடுத்தால் 900 ரூபாய். மாதத்துக்கு நூறு ரூபாய்கூட இல்லை. லாரியில் 110 பெட்டிதான் ஏறுகிறதா, டீலர் 130 தருகிறாரா? தாராளமாக எடுங்கள். வட்டி, எலி, குடோன் என்று நாம் போட்ட 300 ரூபாய் ஓர் உத்தேசம்தானே? அது 250 ஆனாலும் 350 ஆனாலும் குடி முழுகிவிடாது.

அடியிலிருந்து வெகுதூரம் போனால்தான் அடி பலமாக விழும். 400 பெட்டியாக எடுப்பவருக்கு வருடம் 29,400 ரூபாய் கூடுதல். மாதம் 2,450 ரூபாய், கல்லாவைத் திறக்காமலேயே போய்க்கொண்டிருக்கிறது.

இடது பக்கம்தான் பள்ளத்தாக்கு

120-லிருந்து 60 பெட்டி கூட்டி 180 எடுத்தால் மொத்தச் செலவு 39,000. கூடுதல் 3,000 ரூபாய். அதே 60 பெட்டியைக் குறைத்து 60 எடுத்தால் 45,000. கூடுதல் 9,000 ரூபாய். தவறு ஒரே அளவுதான். தண்டனை மூன்று மடங்கு.

அந்தச் செங்குத்துப் பக்கத்தில் நிற்பவர் யார்? கையில் முதல் இல்லாதவர். 40 பெட்டி எடுப்பவருக்கு வருடச் செலவு 60,000 ரூபாய். அவர் கணக்குத் தெரியாமல் அங்கே நிற்கவில்லை; காசு இல்லாமல் நிற்கிறார். முதல் இல்லாதவர் அதிகச் செலவு செய்கிறார், அதிகச் செலவு செய்வதால் முதல் சேரவில்லை. இந்தச் சுழல் கிராஃபில் பளிச்சென்று தெரிகிறது.

அவர் 40-இலிருந்து 80-க்கு நகர்ந்தால் என்ன ஆகும்? மொத்தச் செலவு 60,000-இலிருந்து 39,000 ஆகும். 21,000 ரூபாய் மிச்சம். கூடுதலாகத் தேவைப்படும் முதல் 40 பெட்டிக்கு 56,000 ரூபாய். நம் கணக்கில் சராசரி இருப்புக்கு மட்டும் 5,040 ரூபாய் வட்டி ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. 56,000 முழுவதற்கும் வருடம் பூராவும் வட்டி கட்டினால் 10,080 ரூபாய். அப்படிக் கட்டினாலும் கிட்டத்தட்ட 16,000 ரூபாய் கையில் நிற்கும்.

சிறு வியாபாரிகளுக்கு ஈடில்லாமல் கடன் தருவதற்காக 2015-இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவு 50,000 ரூபாய் வரை, 'கிஷோர்' பிரிவு அதற்கு மேல் 5 லட்சம் வரை. 'கடன் வாங்கினால் நமக்குக் கட்டுப்படியாகுமா?' என்று தயங்குபவர், வங்கிக்குப் போகும் முன் இந்த ஒரு கோட்டை வரைந்து பார்க்கலாம். ஏற்கெனவே அடிப்பகுதியில் நிற்பவருக்குக் கடன் தேவையில்லை; அதையும் அதே கோடு சொல்லிவிடும்.

'அண்ணாச்சி, முந்நூறா எடுத்துக்குங்க!'

அடுத்த சோதனை டீலரிடமிருந்து வரும். 'அண்ணாச்சி, முந்நூறு பெட்டியா எடுத்துக்குங்க. பெட்டிக்குப் பத்து ரூபா குறைச்சுத் தர்றேன்.'

1,200 பெட்டிக்குப் பத்து ரூபாய் என்றால் வருடத்துக்கு 12,000 ரூபாய் மிச்சம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 120-இலிருந்து 300-க்குப் போனால் செலவு 36,000-இலிருந்து 52,200 ஆகும், 16,200 கூடுதல். ஆக, தள்ளுபடி வாங்கியும் 4,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம்.

அதே டீலர் இருபது ரூபாய் குறைத்தால் மிச்சம் 24,000. அப்போது சுமார் 8,000 ரூபாய் லாபம், எடுக்கலாம். எல்லைக்கோடு பெட்டிக்கு 13 ரூபாய் சொச்சம். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசினால், 'பத்து ரூபா பத்தாதுங்க, பதினஞ்சு போடுங்க, பார்ப்போம்' என்று தெம்பாகச் சொல்லலாம்.

வாடகை ஏறினால் அதிகம் வாங்கணுமா?

கடை வாடகை மாதம் 2,000 ரூபாய் ஏறிவிட்டது. 'செலவு ஏறிப்போச்சு, இனிமே மொத்தமா எடுத்துச் சரிக்கட்டணும்' என்று தோன்றும். கிராஃபில் போட்டுப் பாருங்கள். வாடகை எத்தனை பெட்டி எடுத்தாலும் ஒன்றுதான். எல்லாப் புள்ளியும் 24,000 ரூபாய் உயரும். கிண்ணம் அப்படியே மேலே தூக்கப்படும். அடி 120-இலேயே இருக்கும். வாடகைப் பிரச்சினைக்குத் தீர்வை வேறு இடத்தில் தேட வேண்டும், குடோனில் இல்லை.

விற்பனை நான்கு மடங்கானால்? வர்க்கமூலம் இருப்பதால் ஒரு தடவைக்கு வாங்கும் அளவு இரண்டு மடங்குதான் ஆக வேண்டும், 240 பெட்டி. வியாபாரம் பெருகிய வேகத்திலேயே குடோனையும் பெருக்கத் தேவையில்லை.

கணக்குக்குள் அடங்காதவை

இந்தக் கோட்டுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. விற்பனை மாதா மாதம் சீராக இருக்க வேண்டும். தீபாவளி, பொங்கல் மாதங்களுக்கு வேறு எண்ணைப் போட்டுத் தனியாக வரைய வேண்டும்.

விலையும் நிலையாக இருக்க வேண்டும். சமையல் எண்ணெயில் அது நடக்காது. நாட்டின் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியது. 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்க்கான அடிப்படை இறக்குமதி வரி பூஜ்ஜியத்திலிருந்து 20 சதவீதம் ஆனது. 2025 மே இறுதியில் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரி குறைக்கப்படும் நாளில் குடோனில் 400 பெட்டி வைத்திருப்பவரும் 100 பெட்டி வைத்திருப்பவரும் ஒரே மாதிரி தூங்க முடியாது. வலது பக்கம் சரிவு மெதுவாக இருக்கிறது என்பதற்காக அந்தப் பக்கம் தாராளமாகப் போகக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். பாக்கெட்டில் அச்சிட்ட கடைசித் தேதியும் அந்தப் பக்கம்தான் காத்திருக்கும்.

கிண்ணத்தையே நகர்த்தலாம்

இதுவரை கிண்ணத்தின் அடியைத் தேடினோம். கிண்ணத்தையே இறக்க முடியுமா?

ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் 1,000 டன் அழுத்த இயந்திரத்தில் அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆகும். அதற்குப் பயந்து ஒரே பாகத்தை நிறையச் செய்து அடுக்க வேண்டியிருந்தது. 1969-இல் ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் அந்த வேலையை முதலில் 90 நிமிடமாகவும், பிறகு மூன்று நிமிடமாகவும் குறைத்துக் காட்டினார். அச்சு மாற்றும் செலவு விழுந்ததும், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதே லாபமாகிவிட்டது. இருக்கிற கோட்டில் சிறந்த புள்ளியைத் தேடாமல், கோட்டையே கீழே இறக்கினார்கள்.

நம் கடைத்தெருவில் இதைச் செய்யத் தொழிற்சாலை வேண்டாம். பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் நான்கு பேர் ஒரே லாரியில் சரக்கு எடுத்தால், ஆளுக்கு நடைச் செலவு 1,800-க்குப் பதில் 450 ரூபாய். சூத்திரத்தில் போட்டால், ஒரு தடவைக்கு 60 பெட்டி போதும். போய்வர 9,000, வைத்திருக்க 9,000, மொத்தம் 18,000. ஆளுக்கு வருடச் செலவு சரிபாதி. முடங்கும் முதலும் 1,68,000-இலிருந்து 84,000 ஆகிறது. நான்கு கடைக்கும் சேர்த்து 240 பெட்டி. ஒரு மினி லாரி தாங்கும்.

முதல் இல்லாமல் இடது ஓரத்தில் மாட்டிக்கொண்ட கடைக்காரருக்கு, கடனைவிட எளிய வழி இதுவாக இருக்கலாம்.

நீங்களே செய்து பார்க்க

முதலில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: வருடத்துக்கு எத்தனை விற்கிறது, ஒரு நடைக்கு எவ்வளவு செலவு, ஒரு பெட்டியை ஒரு வருடம் வைத்திருக்க எவ்வளவு ஆகும். மூன்றாவதில் வட்டியை மறக்காதீர்கள். சொந்தப் பணமாக இருந்தாலும் அது வேறு எங்கோ சம்பாதித்திருக்க வேண்டிய பணம்தான்.

பிறகு எட்டுப் பத்து அளவுகளுக்கு மொத்தச் செலவைக் கணக்கிட்டுப் புள்ளி வையுங்கள். கைபேசியில் கூகுள் ஷீட்ஸ், டெஸ்மாஸ் போன்ற இலவசச் செயலிகளிலும் வரையலாம். வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை இருந்தால் அரை மணி நேர வேலை. அவர்களுக்கும் பாடம் புரியும்.

கடைசியாக, இப்போது நீங்கள் வாங்கும் அளவை அந்தக் கோட்டில் ஒரு சிவப்புப் புள்ளியாக வையுங்கள். அடிக்கு அருகில் இருந்தால் நிம்மதியாக வியாபாரத்தைப் பாருங்கள். தள்ளி இருந்தால், எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு ரூபாய் வருடா வருடம் உங்களுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதோடு, பக்கத்துக் கடைக்காரர் எப்போது லோடு எடுக்கப் போகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டும் பாருங்கள்.